கெட்டுப்போன தபால் வாக்குச்சீட்டுக்கு மாற்றுச்சீட்டு கேட்க நமக்கு உரிமை உண்டா?

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 2024 மக்களவைத் தேர்தலில் எனக்கு வாக்குச்சாவடி அலுவலர் பணி வந்தது. பணி ஒதுக்கப்பட்ட தொகுதி வேறு, என் பெயர் உள்ள தொகுதி வேறு என்பதால், பணிபுரியும் சாவடியிலேயே இயந்திரத்தில் வாக்களிக்க உதவும் தேர்தல் பணிச் சான்று எனக்குப் பொருந்தவில்லை. ஆகவே தபால் வாக்குக் கேட்கும் படிவம் 12ஐப் பூர்த்தி செய்து கொடுத்து, பயிற்சி வகுப்பு நடந்த இடத்திலேயே அமைத்திருந்த தபால் வாக்கு மையத்தில் வாக்குச்சீட்டைப் பெற்றுக்கொண்டேன்.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்றபடியேதான் எழுத வேண்டியிருந்தது. மேசை ஆடிக்கொண்டிருந்தது. நான் நினைத்த வேட்பாளரின் பெயருக்கு எதிரே டிக் அடித்தபோது யாரோ முழங்கையில் இடித்துவிட, டிக்கின் வால் கோட்டைத் தாண்டி அடுத்த வேட்பாளரின் கட்டத்துக்குள் இறங்கிவிட்டது. சீட்டை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, அங்கிருந்த ஊழியரிடம் வேறு சீட்டு தர முடியுமா என்று கேட்டேன். "ஒரு தடவை கொடுத்தால் கொடுத்ததுதான் டீச்சர், கவரில் போட்டு ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள்" என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. நானும் அப்படியே செய்துவிட்டேன். அன்றிலிருந்து என் வாக்கு எண்ணப்பட்டதா, குப்பையோடு போனதா என்ற எண்ணம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு வாக்குரிமையைப் பாடமாக நடத்துகிற எனக்கே என் உரிமை எதுவரை என்று தெரியாமல் போனது வருத்தமாக உள்ளது.

என் கேள்விகள் இவை. தவறுதலாகக் கெட்டுப்போன தபால் வாக்குச்சீட்டுக்குப் பதிலாக வேறொன்று பெற விதியில் இடம் உண்டா, இல்லையா? இடம் உண்டு என்றால், குறி போட்ட சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் யாருக்கு வாக்களிக்க நினைத்தேன் என்பது அலுவலருக்குத் தெரிந்துவிடாதா? மேலும், 2021 சட்டமன்றத் தேர்தலின்போது என்னுடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோன சீட்டில் தண்ணீர் கொட்டி நனைந்துவிட்டது. அவர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு சீட்டு கேட்கப் போனபோது மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு சரிதானா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற வட்டாட்சியர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தேர்தல் துணை வட்டாட்சியராகவும், பின்னர் உதவித் தேர்தல் நடத்தும் அலுவலராகவும் பல தேர்தல்களில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். தங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு. மாற்றுச்சீட்டு பெற விதியில் தெளிவாக இடம் இருக்கிறது.

1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்துதல் விதிகளில் 26ஆம் விதி முழுவதும் இதைப் பற்றியதுதான். அந்த விதி இரண்டு நிலைமைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறது. முதலாவது, அனுப்பிய தபால் வாக்குச்சீட்டு ஏதோ காரணத்தால் வாக்காளரிடம் சேராமல் தேர்தல் நடத்தும் அலுவலரிடமே திரும்பி வந்துவிடுவது. அப்போது வாக்காளர் கேட்டுக்கொண்டால் அதை மீண்டும் தபாலில் அனுப்பலாம், அல்லது நேரில் கொடுக்கலாம். இரண்டாவது தங்களுடைய நிலைமை. வாக்காளர் தம்மை அறியாமல் சீட்டையோ உடன் வந்த மற்றத் தாள்களையோ பயன்படுத்த முடியாதபடி ஆக்கிவிட்டால், கெட்டுப்போன தாள்களை அவர் திருப்பிக் கொடுத்து, அது தவறுதலாக நடந்ததுதான் என்று தேர்தல் நடத்தும் அலுவலருக்கு மனநிறைவு ஏற்படுத்திய பிறகு, இரண்டாவது தொகுப்பு அவருக்கு வழங்கப்பட வேண்டும். முதல் நிலைமைக்கு "வழங்கலாம்" என்றும், இரண்டாவதற்கு "வழங்கப்பட வேண்டும்" என்றும் விதி சொல்லும் வேறுபாட்டைத் தாங்கள் கவனிக்க வேண்டும். தாள்களைத் திருப்பிக் கொடுத்து, தவறுதலாகத்தான் நேர்ந்தது என்று காட்டிவிட்ட வாக்காளருக்கு அலுவலர் தம் விருப்பம்போல மறுப்புச் சொல்ல முடியாது.

விதி பேசுவது "இரண்டாவது தொகுப்பு" பற்றி. வெறும் இரண்டாவது சீட்டைப் பற்றி அன்று. இந்தச் சொல்லின் பொருளை அறியாமல் பலர் தம் வாக்கை இழந்திருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தபால் வாக்காளருக்குத் தரப்படுபவை வாக்குச்சீட்டு, 13ஏ என்ற உறுதிமொழிப் படிவம், சீட்டை வைத்து ஒட்டும் 13பி என்ற உள் உறை, எல்லாவற்றையும் வைத்து அனுப்பும் 13சி என்ற வெளி உறை, 13டி என்ற அறிவுரைத் தாள் ஆகியவை. உறுதிமொழிப் படிவத்திலும் உள் உறையிலும் வாக்குச்சீட்டின் வரிசை எண் எழுதப்பட்டிருக்கும். எண்ணிக்கை நாளில் முதலில் வெளி உறையைப் பிரித்து, உறுதிமொழியில் உள்ள எண்ணையும் உள் உறையின் மேல் உள்ள எண்ணையும் ஒப்பிடுவார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் உள் உறையைப் பிரிக்காமலேயே தள்ளுபடி செய்துவிடுவார்கள். இப்போது ஒருவர் கெட்டுப்போன சீட்டை மட்டும் கொடுத்துப் புதிய சீட்டை வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே சான்றொப்பம் (கையொப்பம் நம்முடையதுதான் என்று தகுதியுள்ள அலுவலர் ஒருவர் இடும் ஒப்பம்) வாங்கிவிட்டோமே என்று பழைய உறுதிமொழிப் படிவத்தையே வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். புதிய சீட்டின் எண் வேறு, படிவத்தின் எண் வேறு. அவருடைய சரியான வாக்கு உறைக்குள்ளேயே கிடந்துபோகும். ஆகவே மாற்று கேட்பவர் எல்லாத் தாள்களையும் திருப்பிக் கொடுத்து, எல்லாவற்றையும் புதிதாகப் பெற்று, உறுதிமொழியில் மீண்டும் கையொப்பமிட்டு, மீண்டும் சான்றொப்பம் பெற வேண்டும். கையில் வாங்கியவுடன் சீட்டிலும் படிவத்திலும் உள் உறையிலும் உள்ள மூன்று எண்களையும் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலைதான்.

இனி, ரகசியம் பற்றிய தங்கள் அச்சம். அது நியாயமான அச்சம், ஆனால் அதற்கு வழி இருக்கிறது. தேர்தல் நடத்தும் அலுவலர் வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயருக்கு எதிரே தபால் வாக்கு வழங்கப்பட்டது என்று மட்டுமே குறிப்பார்; எந்த வரிசை எண்ணுள்ள சீட்டு என்பதைப் பட்டியலில் எழுதக்கூடாது என்று விதியே சொல்கிறது. திருப்பிக் கொடுக்கும்போது குறியிட்ட பக்கம் உள்ளே போகும்படி சீட்டை மடித்துக் கொடுங்கள். அலுவலருக்கு வேண்டியது வரிசை எண். எந்தப் பெயருக்கு எதிரே குறி இருக்கிறது என்பதில் அவருக்கு வேலை இல்லை. கெட்டுப்போன தாள்களை ரத்து செய்து, ரத்தான சீட்டுகளின் எண்களைக் குறித்துத் தனிக் கட்டாக வைக்க வேண்டியது அவர் கடமை. வாக்கின் ரகசியத்தைக் காக்கும் கடமையை மீறும் அலுவலருக்கு 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 128ஆம் பிரிவில் தண்டனையும் வைத்திருக்கிறது.

தங்கள் நண்பரைப் பொறுத்தவரை மறுத்தது சரியே. அவருடைய சீட்டு நனைந்ததற்காக அல்ல, நனைந்த சீட்டை அவர் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனதற்காகத்தான் மறுத்திருப்பார்கள். ஒருவர் பெயரில் உயிரோடு இருக்கும் சீட்டு ஒன்றுக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது என்பதுதான் இந்த விதியின் உயிர்நாடி. நனைந்து கூழாகிப்போன தாளாக இருந்தாலும், நாலாகக் கிழிந்ததாக இருந்தாலும், அள்ளி ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தால் அவருக்கு வழி பிறந்திருக்கும். கெட்டுப்போன தாளைத் தூக்கிப் போடுகிறவர் மாற்றுச்சீட்டுக்கான தம் ஒரே ஆதாரத்தைத் தூக்கிப் போடுகிறார்.

பதில் 2: ஆசிரியை

ஐயா, இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு மனமார்ந்த நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் மீதம் இருக்கிறது. சீட்டைத் திருப்பிக் கொடுத்து மாற்று பெறுவது தேர்தல் நடத்தும் அலுவலரிடம் என்று விதி சொல்கிறது. பயிற்சி மையத்தில் தேர்தல் நடத்தும் அலுவலர் இருப்பதில்லையே? எங்கள் மையத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மேசைக்கு ஒருவராக அமர்ந்த ஊழியர்கள்தான். அவர் மறுத்தால் நான் யாரிடம் போயிருக்க வேண்டும்? என் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்ட பிறகு எதுவும் செய்திருக்க முடியுமா?

பதில் 3: ஓய்வுபெற்ற வட்டாட்சியர்

பெட்டியில் போட்ட பிறகு எதுவும் செய்ய இயலாது, அம்மா. சீட்டு தங்கள் கையில் இருக்கும்வரைதான் 26ஆம் விதி உதவும்.

2023இல் விதிகளில் 18ஏ என்ற ஒன்று சேர்க்கப்பட்ட பிறகு, தேர்தல் பணியில் உள்ள வாக்காளர் அதற்கென அமைத்த மையத்திலேயே சீட்டைப் பெற்று, அங்கேயே வாக்கைப் பதிவு செய்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முன்பெல்லாம் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குள் வந்து சேரும்படி அனுப்பினால் போதும் என்பதால், கெட்டுப்போனால் யோசித்து அலுவலகத்துக்கு நடக்க நாள்கள் இருந்தன. இப்போது அந்த அவகாசம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. வீட்டுக்குப் போகும் சீட்டுகளால் வாக்காளருக்கு நெருக்கடியும் ஆசைவார்த்தையும் வந்தன என்பது உண்மைதான். அதனால் இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் அதே மையத்தில் மாற்றுச்சீட்டு கேட்கலாம் என்ற செய்தியையும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மேசையில் இருக்கும் ஊழியருக்கு மறுக்கவோ ஏற்கவோ அதிகாரம் இல்லை. ஒவ்வொரு மையத்துக்கும் பொறுப்பான அலுவலர் ஒருவர் இருப்பார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவரைக் கேளுங்கள். அவரும் தயங்கினால், ஒரு வெள்ளைத் தாளில், "எனக்கு வழங்கப்பட்ட இந்த வரிசை எண் கொண்ட தபால் வாக்குச்சீட்டு குறியிடும்போது தவறுதலாகப் பயன்படுத்த முடியாதபடி ஆகிவிட்டது; அதையும் உடன் தந்த எல்லாத் தாள்களையும் இத்துடன் திருப்பி அளிக்கிறேன்; 26ஆம் விதியின்படி இரண்டாவது தொகுப்பு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கொடுங்கள். எழுத்தில் வந்த வேண்டுகோளை யாரும் வாய்மொழியாகத் தள்ளிவிட மாட்டார்கள். எந்த வேட்பாளருக்குக் குறியிட்டேன் என்பதை அந்தத் தாளில் மறந்தும் எழுத வேண்டாம்.

பதில் 4: எண்ணிக்கை முகவராக இருந்தவர்

தபால் வாக்குகள் எண்ணப்படும் மேசையில் முகவராக அமர்ந்த அனுபவம் எனக்கு உண்டு என்பதால், ஆசிரியை அவர்களின் மன உறுத்தலுக்கு ஓர் ஆறுதல் சொல்ல விரும்புகிறேன். தங்கள் வாக்கு தள்ளுபடியாகியிருக்கும் என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டியதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வேட்பாளருக்கு வாக்களித்திருந்தாலும், யாருக்கு என்று ஐயம் எழும்படி குறி விழுந்திருந்தாலும் தபால் வாக்கு தள்ளுபடியாகும் என்று 54ஏ விதி சொல்வது உண்மை. ஆனால் குறி தெளிவில்லாமல் இருக்கிறது அல்லது ஒரு தடவைக்கு மேல் போடப்பட்டிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, வாக்காளரின் எண்ணம் தாளைப் பார்த்தாலே விளங்கும்போது, தள்ளுபடி செய்யக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. டிக்கின் உடல் முழுவதும் ஒரு கட்டத்தில் இருந்து, வால் மட்டும் அடுத்த கட்டத்தைத் தொட்ட சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அலுவலர் அதை முகவர்கள் எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் செல்லும் என்று எடுத்து வைப்பார். அதற்காக, அடுத்த முறை அப்படி நேர்ந்தால் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இன்னொருவரின் கண்ணையும் மனத்தையும் நம்பியிருப்பதைவிடக் கையோடு மாற்றுச்சீட்டு வாங்குவதே நல்லது.

தள்ளுபடியாகும் தபால் வாக்குகளில் குறி தவறியதால் போவதைவிட, உறுதிமொழிப் படிவம் இல்லாமலும், அதில் கையொப்பமோ சான்றொப்பமோ இல்லாமலும் போவதையே என் கண்ணால் அதிகம் கண்டிருக்கிறேன். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் நடந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க முடியாது. அங்கே வெற்றி வித்தியாசம் வெறும் 49 வாக்குகள். சான்றொப்பமிட்ட தலைமையாசிரியருக்கு அதற்குத் தகுதி உண்டா என்ற கேள்வியில் தள்ளுபடியானவையோ 203 தபால் வாக்குகள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2019இல் அந்தத் தபால் வாக்குகளையும் இயந்திர வாக்குகளின் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ண உத்தரவானது. எண்ணிய பிறகு முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வாக்களித்த அந்த 203 பேரில் ஒருவருக்காவது, தம் உறுதிமொழிப் படிவத்தில் சிக்கல் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால், 26ஆம் விதியின்படி வேறு தொகுப்பு கேட்டு மீண்டும் சான்றொப்பம் பெற முயன்றிருக்கலாம். விதி "மற்றத் தாள்கள்" என்றும் சேர்த்துச் சொல்வதால், சீட்டு நன்றாக இருந்து படிவம் மட்டும் கெட்டுப்போனாலும் மாற்று கேட்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். பெயரைத் தவறாக எழுதி அடித்துத் திருத்திய படிவத்தை அப்படியே உறையில் வைத்து அனுப்புகிறவர்கள் ஏராளம்.

வெற்றி வித்தியாசம் தள்ளுபடியான தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அவற்றை எல்லாம் தேர்தல் நடத்தும் அலுவலர் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல்.

பதில் 5: லண்டன் வாசகர்

நான் பிரிட்டனில் வாழும் தமிழன். இங்கே தபாலில்தான் வாக்களிக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்பதால் எழுதுகிறேன். இங்கும் கெட்டுப்போன சீட்டை உடன் வந்த தாள்கள் எல்லாவற்றோடும் திருப்பிக் கொடுத்தால்தான் வேறு தருவார்கள். வாக்குப்பதிவு நாள் மாலை 5 மணிவரை அதற்கு நேரம் உண்டு. ஆனால் சீட்டு வந்து சேரவே இல்லை, அல்லது வந்த சீட்டு தொலைந்துவிட்டது என்றாலும், வாக்குப்பதிவுக்கு நான்கு வேலை நாள்கள் முன்பிருந்து அலுவலரிடம் கேட்டு, நான் இன்னார் என்பதற்கு ஆதாரம் காட்டி, மாற்றுச்சீட்டு பெற இங்கே வழி இருக்கிறது. முதல் சீட்டின் எண்ணை ரத்துப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். பிறகு அந்தப் பழைய சீட்டு எங்கிருந்தோ வந்து சேர்ந்தாலும் அதைப் பிரித்தெடுத்து எண்ணிக்கையில் சேராமல் தடுத்துவிடுவார்கள். இந்திய விதியில் தொலைந்த சீட்டுக்கு இப்படி ஏதாவது உண்டா என்று அறிய விரும்புகிறேன். என் பாட்டி ஊரில் இருக்கிறார், வயது 87; வீட்டிலிருந்தே வாக்களிக்கிறார். அவருக்காகவும்தான் கேட்கிறேன்.

பதில் 6: ஓய்வுபெற்ற வட்டாட்சியர்

லண்டன் தம்பிக்கு, நல்ல கேள்வி. 26ஆம் விதி இரண்டையே சொல்கிறது. ஒன்று, சேராமல் திரும்பி வந்தது. மற்றது, கெட்டுப்போய் வாக்காளர் திருப்பிக் கொடுத்தது. இரண்டிலும் முதல் சீட்டு அலுவலரின் கைக்கு வந்துவிடுகிறது. வாக்காளர் கைக்குப் போய்த் தொலைந்த சீட்டைப் பற்றி அந்த விதி பேசவில்லை. தபால் வாக்கு வழங்கியதாகப் பட்டியலில் குறிக்கப்பட்டவரை வாக்குச்சாவடியில் வாக்களிக்க விடமாட்டார்கள் என்பதால், அவர் நேரில் போயும் பயனில்லை. ரத்துப் பட்டியல் போன்ற ஏற்பாடு இங்கும் வந்தால் தொலைத்தவர்களுக்கும் வழி பிறக்கும். ஒரே தொகுதியில் இரண்டு முறை வாக்களித்தால் அந்த வாக்குகள் எல்லாமே செல்லாது என்று சட்டத்தின் 62ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்லிவிட்டதால், அப்படி ஓர் ஏற்பாட்டுக்கு அடித்தளம் இல்லாமல் இல்லை.

தங்கள் பாட்டி வாக்களிப்பது 2019இல் சேர்க்கப்பட்ட, சாவடிக்கு வர இயலாதவர்களுக்கான பிரிவின் கீழ். முதலில் 80 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று இருந்தது, 2024இல் 85 ஆக உயர்த்தப்பட்டது. 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கும் அதில் இடம் உண்டு. தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள், இந்த வசதியைக் கேட்கும் படிவம் 12டியைக் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் வாக்குப்பதிவுக் குழுவே சீட்டோடு வீட்டுக்கு வரும். முதல் முறை வரும்போது அவர் இல்லை என்றால் இன்னொரு முறை வரும், அத்தோடு சரி. அவருடைய சீட்டு ஒரு நாள்கூட வீட்டில் தங்குவதில்லை என்பதால் தொலைவதற்கு வாய்ப்புக் குறைவு. கை நடுங்கிக் குறி தவறிவிட்டால், குழுவினர் கூடத்தில் இருக்கும்போதே, உறையை ஒட்டுவதற்கு முன்பாகவே, அவரே வாய் திறந்து சொல்ல வேண்டும். பெரியவர்கள் பலர் வந்தவர்களுக்கு ஏன் தொந்தரவு என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தொலைபேசியில் பேசும்போது பாட்டியிடம் இதைத் தாங்களே சொல்லி வையுங்கள்.